என். எஸ். கிருஷ்ணன்

நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 – ஆகஸ்ட் 30, 1957) தமிழ் நாடக, திரைப்பட நகைச்சுவை நடிகர். பாடகர், வில்லுப்பாட்டுக் கலைஞர், திரைப்பட இயக்குநர், தயாரிப்பாளர் எனப் பல நிலைகளில் இயங்கியவர். என். எஸ். கே. என்றும், கலைவாணர் என்றும் அறியப்படுபவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலின் ஒரு பகுதியாக உள்ள ஒழுகினசேரியில் பிறந்தார். சிறுவர் நாடகக் குழுவில் கலைவாழ்வைத் தொடங்கி, தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே திரைக்கு வந்து, தம் மனைவி டி. ஏ. மதுரத்துடன் இணைந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். புகழின் உச்சியில் இருந்தபோது 1944 இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, 1947 இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அவர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய நாடகக் குழு கலையாமல் நின்றதும், விடுதலைக்குப் பின் அவர் மீண்டும் மக்களைச் சிரிக்க வைத்ததும் தமிழ்க் கலை வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வுகளாகும்.

பிறப்பும் சூழலும்

கிருஷ்ணனின் தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாய் இசக்கியம்மாள். நாஞ்சில் நாட்டின் நாட்டார் வழிபாட்டை அறிந்தவர்களுக்கு இவ்விரு பெயர்களே அவர் பிறந்த சூழலைச் சொல்லிவிடும். சுடலைமாடனும் இசக்கியம்மனும் அப்பகுதி மக்களின் காவல் தெய்வங்கள். இத்தெய்வங்களின் கோயில்களில் ஆண்டுதோறும் நடக்கும் கொடை விழாவில் இரவு முழுவதும் வில்லுப்பாட்டு நிகழும். அக்கலையைக் கேட்டு வளர்ந்தவர் கிருஷ்ணன்.

அவர் பிறந்தபோது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமத்தானத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய இந்நிலம் நெல் விளையும் வயல்களும் குளங்களும் நிறைந்தது. ஒழுகினசேரியை ஒட்டிப் பழையாறு ஓடுகிறது. வளமான ஊரில் பிறந்தாலும் அவருடைய குடும்பம் வறுமையில் இருந்தது. நான்காம் வகுப்புடன் பள்ளிப்படிப்பு நின்றது. டென்னிசு விளையாடுமிடத்தில் பந்து எடுத்துப் போடுவது, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்பது போன்ற வேலைகளைச் சிறுவயதில் செய்ததாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கொட்டகையில் பண்டம் விற்ற சிறுவன் நாள்தோறும் நாடகம் பார்க்கும் வாய்ப்பையும் பெற்றான். பாட்டும் உரையாடலும் அங்கேயே மனப்பாடமாயின.

நாடகக் குழுவில்

அக்காலத்தில் தமிழ் நாடகத்தின் பள்ளிக்கூடங்களாக விளங்கியவை பாய்சு கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களாகும். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் இவற்றில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு உணவும் உடையும் தங்குமிடமும் கிடைத்தன. நாடக ஆசிரியர் பாட்டும் வசனமும் நடிப்பும் கற்பித்தார். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். குரல் உடையும் பருவம் வந்ததும் நேற்றுவரை நாயகியாக நின்றவன் வேறு வேடம் தேட வேண்டியிருக்கும். கண்டிப்பும் கடுமையும் மிகுந்த வாழ்க்கை அது. எனினும், தமிழ்த் திரையுலகின் முதல் இரு தலைமுறை நடிகர்களுள் பெரும்பாலோர் இக்குழுக்களிலிருந்தே வந்தனர்.

சங்கரதாசு சுவாமிகளிடம் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினர். கிருஷ்ணன் அக்குழுவில் சேர்ந்தார். நகைச்சுவை வேடங்களே அவருக்கு இயல்பாக அமைந்தன. அவரிடம் பயிற்சி பெற்ற கருநாடக இசைக் குரல் இல்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட ஒரு முறையில், சொல் தெளிவாகக் கேட்கும்படி பாடுவார். இது வில்லுப்பாட்டுக் கலைஞர் கதை சொல்லும் முறையை ஒத்தது.

இக்குழு 1931 இல் மேடையேற்றிய தேசபக்தி நாடகம் அவரது வாழ்வில் முக்கியமானது. வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் என்னும் நாடகத்தைத் தழுவியது அது. விடுதலை உணர்வைத் தூண்டிய இந்நாடகத்தில் கிருஷ்ணன் காந்தியடிகளின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாகப் பாடினார். கொடை விழாக்களில் தெய்வங்களின் கதையைச் சொல்லிவந்த வில், நாடக மேடையில் வாழும் மனிதர் ஒருவரின் கதையைச் சொல்லத் தொடங்கியது. இதன் பொருத்தத்தை இன்று எண்ணிப்பார்த்தால் வியப்பு ஏற்படுகிறது. வில்லுப்பாட்டில் பாடப்படும் சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் அதிகாரத்தை எதிர்த்து நின்றவர்களின் கதைகளே.

திரைப்படமும் தனிக்குழுவும்

தமிழின் முதல் பேசும்படமான காளிதாசு 1931 இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாடகக் குழுக்கள் முழுமையாகவே திரைக்கு இடம்பெயர்ந்தன. டி. கே. எஸ். குழுவினர் நடித்த மேனகா (1935) கிருஷ்ணன் நடித்து வெளிவந்த முதல் படமாகும். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினத்தை அடிப்படையாகக் கொண்ட இப்படத்தை ராஜா சாண்டோ இயக்கினார். எல்லிசு ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதி (1936) படத்திலும் கிருஷ்ணன் நடித்தார். எம். ஜி. இராமச்சந்திரன் அறிமுகமான படமும் அதுவே.

1936 இல் வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது, திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த நடிகை டி. ஏ. மதுரத்தை அவர் சந்தித்தார். அச்சந்திப்பு திருமணத்தில் முடிந்தது. கிருஷ்ணனுக்கு அதற்கு முன்பே நாகம்மாள் என்ற மனைவி இருந்தார். மதுரத்துடன் அமைந்தது இல்வாழ்க்கை மட்டுமன்று. தமிழ்த் திரையின் முதல் பெரும் நகைச்சுவை இணையும் அதுவே. அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), சகுந்தலை (1940), அசோக்குமார் (1941), சிவகவி (1943), ஹரிதாஸ் (1944) எனப் பல படங்களில் இவ்விணை தோன்றியது. சகுந்தலை படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் பாடிய பாடல்களுக்கு நடுவே, கிருஷ்ணனும் டி. எஸ். துரைராஜும் மீனவர்களாக வந்து செய்த நகைச்சுவையும் மக்களிடம் பேசப்பட்டது.

இக்காலத்தில் கிருஷ்ணன் பணியாற்றிய முறை தனித்தன்மை வாய்ந்தது. படத்தின் கதையை ஒருவர் எழுதி, இன்னொருவர் இயக்கிக் கொண்டிருக்க, நகைச்சுவைப் பகுதியை அவர் தம் குழுவினருடன் தனியாக உருவாக்கினார். கதை, உரையாடல், பாடல், நடிகர் தேர்வு, பல வேளைகளில் இயக்கம் உட்பட அனைத்தும் அவருடைய பொறுப்பு. முடிந்த பகுதி மூலப்படத்துடன் இணைக்கப்பட்டது. இதனால் முதன்மைக் கதைக்கும் நகைச்சுவைக்கும் தொடர்பில்லாமல் போகும் குறை தமிழ்ப்படங்களில் நெடுங்காலம் நிலைத்தது. அதற்கு அவர் வகுத்த வழியும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அம்முறையே அவருக்குச் சுதந்திரத்தையும் தந்தது. புராணப்படம் ஒன்றின் நடுவில் மதுவிலக்கைப் பற்றியோ, மூடநம்பிக்கையைப் பற்றியோ பேச வேறு எவராலும் இயன்றிராது.

அவருடைய குழுவில் மதுரம், டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி முதலியோர் இருந்தனர். பாடல்களை உடுமலை நாராயணகவி எழுதினார். நாட்டுப்புற மெட்டுகளையும் சீர்திருத்தக் கருத்துகளையும் இணைக்கத் தெரிந்த நாராயணகவியைக் கிருஷ்ணன் தம் ஆசிரியராகவே மதித்தார்.

முழுநீள நகைச்சுவைப் படங்களிலும் அவர் முயன்றார். 1941 இல் வந்த சந்திரஹரி, பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவியது. உண்மையன்றி வேறு பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாகப் புரட்டி, பொய்யன்றி வேறு பேசாத ஒருவனைத் தலைவனாகக் கொண்டது. அதே ஆண்டில் அலிபாபாவும் நாற்பது திருடர்களும் படத்தில் அலிபாபாவாக நடித்தார். ஒழுகினசேரியில் மதுரபவனம் என்ற பெரிய இல்லத்தை அவர் கட்டியதும் இவ்வளமான காலத்திலேயே.

நகைச்சுவையின் இயல்பு

கிருஷ்ணனைச் சார்லி சாப்ளினுடன் ஒப்பிடும் வழக்கம் உண்டு. இருவரும் வறுமையிலிருந்து வந்தவர்கள், எளியோர் பக்கம் நின்றவர்கள் என்பதைத் தவிர இவ்வொப்புமை அதிகம் உதவாது. சாப்ளின் உடலால் சிரிக்க வைத்தவர். கிருஷ்ணனின் கருவி சொல். அச்சொல் எப்போதும் எதிரில் நிற்கும் இன்னொருவரை வேண்டியது.

இதன் வேரை வில்லுப்பாட்டில் காணலாம். வில்லுப்பாட்டில் நீண்ட வில்லைக் குடத்தின்மேல் கிடத்தி, மணிகள் கட்டிய வில்லின் நாணை வீசுகோல்களால் தட்டியபடி தலைமைப் பாடகர் கதை சொல்வார். வலப்புறமும் இடப்புறமும் குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை இசைப்போர் அமர்ந்திருப்பர். அவர்கள் வெறும் பக்கவாத்தியக்காரர்கள் அல்லர். தலைமைப் பாடகர் சொல்வதற்கு ஆமாம் போடுவர், ஐயம் எழுப்புவர், சில வேளை குறுக்கிட்டுக் கேலியும் செய்வர். கேட்போர் மனத்தில் எழும் வினாவை அவர்களே கேட்டுவிடுவதால் கதை நகர்கிறது. கிருஷ்ணன், மதுரம் காட்சிகளின் அமைப்பும் இதுவே. ஒருவர் கூற்றை மற்றவர் மறிப்பார். வாக்குவாதம் பாட்டாக மாறும். பாட்டு முடியும்போது பார்வையாளர் ஒரு கருத்தை ஏற்றிருப்பர். மதுரம் வெறுமனே கேட்டு நிற்கும் துணைப்பாத்திரமாக ஒருபோதும் வரவில்லை. பல காட்சிகளில் வாதத்தில் வெல்பவர் அவரே.

டாக்டர் சாவித்திரி (1955) படத்தில் பிள்ளைப்பேற்றுக்காகக் காசிக்குப் போகும் நம்பிக்கையையும் மருத்துவ அறிவியலையும் எதிரெதிரே நிறுத்தி இருவரும் பாடிய பாடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம்பிக்கை கொண்டவரை முட்டாளாகக் காட்டாமல், காலம் மாறிவிட்ட செய்தியை வீட்டுப் பேச்சுபோல அது சொல்கிறது. ஊனம், உடல் தோற்றம் ஆகியவற்றை ஏளனம் செய்து சிரிப்பு வரவழைப்பது அக்கால மேடையில் பொதுவழக்காக இருந்தது. கிருஷ்ணன் பெரும்பாலும் அவ்வழியைத் தவிர்த்துப் பழக்கங்களையே கேலி செய்தார்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு

1944 ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம். கே. தியாகராஜ பாகவதர் நாயகனாகவும், கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவைப் பாத்திரங்களிலும் நடித்த படம் அது. அப்படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில் பாகவதரும் கிருஷ்ணனும் சிறையில் இருந்தனர்.

சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது என்ற இதழை நடத்தி, நடிகர் நடிகையரின் தனிவாழ்வைப் பற்றி அவதூறான செய்திகளை வெளியிட்டு வந்தார். போர்க்காலக் கட்டுப்பாடுகளால் அன்று இதழ் நடத்த அரசின் உரிமம் தேவைப்பட்டது. பாகவதர், கிருஷ்ணன், பட்சிராஜா நிறுவனத்தின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண ஆளுநரிடம் முறையிட்டதைத் தொடர்ந்து அவ்விதழ் நின்றது. லட்சுமிகாந்தன் இந்துநேசன் என்ற வேறோர் இதழின் வாயிலாக அதே வகை எழுத்தைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்சாவில் சென்றபோது அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார்.

அவ்வாண்டு திசம்பர் இறுதியில் பாகவதர், கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சதிக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் நடுவர் குழுவின் துணையுடன் வழக்கு விசாரிக்கப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே 3 அன்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தோல்வியுற்றது. அன்று இந்திய நீதிமன்றங்களுக்கு மேலே இருந்தது இலண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சில். அங்கு முறையீடு செய்யப்பட்டதில், வழக்கை உயர்நீதிமன்றம் மீண்டும் ஆராய வேண்டும் என்ற ஆணை கிடைத்தது. மறுவிசாரணையில் வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாடினார். அரசுத் தரப்புச் சான்றுகள் நம்பத்தக்கவையல்ல என்ற முடிவுக்கு நீதிபதிகள் வந்தனர். 1947 ஏப்ரல் 25 அன்று இருவரும் விடுதலையாயினர்.

கொலைக்குப் பின்னணி யார் என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை. வழக்கின் முடிவால் சட்டத்தின் கண்ணில் கிருஷ்ணன் குற்றமற்றவர். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலமும், இலண்டன்வரை வழக்கு நடத்திய செலவும் அவரிடமிருந்து பறிபோயின.

குழு நிலைத்த விதம்

தலைவர் சிறை சென்றால் நாடகக் குழு கலைந்துவிடும் என்பதே பொதுவான நடைமுறை. நடிகர்கள் வேறு குழுவுக்குப் போவர்; திரைச்சீலைகளும் உடைகளும் கடனுக்கு ஈடாகும். என். எஸ். கே. நாடக சபைக்கு அந்நிலை வரவில்லை. மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் பொறுப்பேற்றுச் சபையை நடத்தினர். மதுரத்துக்கு இது இரட்டைச் சுமை. ஒருபுறம் வழக்குக்குப் பணம் திரட்ட வேண்டும். மறுபுறம் மேடையில் நின்று மக்களைச் சிரிக்க வைக்க வேண்டும். கிருஷ்ணனின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் அவருடைய கொடைத்தன்மையையும் துணிவையும் விரித்துப் பேசுகின்றன. இவ்விரண்டு ஆண்டுகளில் மதுரம் செய்த பணி அவற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று.

குழுவில் கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. பாடகரும் நடிகருமான கே. ஆர். ராமசாமி பிரிந்து சென்று தனிக்குழு தொடங்கினார். அக்குழுவுக்கு அவர் வைத்த பெயர் கிருஷ்ணன் நாடக சபை என்பதாகும். பிரிந்து போனவரும் கிருஷ்ணனின் பெயரையே தாங்கிச் சென்றார். சி. என். அண்ணாதுரையின் ஓர் இரவு, வேலைக்காரி ஆகிய நாடகங்களை இக்குழு மேடையேற்றியது. திராவிட இயக்க நாடகத்தின் வளர்ச்சியில் இவற்றுக்குத் தனியிடம் உண்டு. சகஸ்ரநாமம் பின்னாளில் சேவா ஸ்டேஜ் குழுவை நிறுவித் தமிழ் நாடகத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றார். இவ்வகையில் ஒரு நகைச்சுவை நடிகரின் குழுவிலிருந்து இருவேறு நாடக மரபுகள் கிளைத்தன.

என். எஸ். கே. நாடக சபையின் பைத்தியக்காரன் நாடகம் 1947 இல் கிருஷ்ணன், பஞ்சு இரட்டையர் இயக்கத்தில் திரைப்படமாகியது. மதுரமும் சகஸ்ரநாமமும் முதன்மை வேடங்களை ஏற்றனர், எம். ஜி. இராமச்சந்திரனும் நடித்தார். படம் முடியுமுன் கிருஷ்ணன் விடுதலையாகி வந்ததால் அவருக்கும் ஒரு வேடம் சேர்க்கப்பட்டது.

விடுதலைக்குப் பின்

சிறையிலிருந்து வந்த இருவரில் பாகவதரின் திரைவாழ்வு மீளவில்லை. ராஜமுக்தி (1948) தொடங்கி அவர் நடித்த படங்கள் அடுத்தடுத்துத் தோல்வியுற்றன. 1959 இல் அவர் மறைந்தார். கிருஷ்ணனுக்கு அவ்வாறு நிகழவில்லை. பாகவதரின் பெருமை அவருடைய பாட்டையும் அழகையும் சுற்றி அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் பாட்டு மிகுந்த புராணப்படங்களின் இடத்தை உரையாடல் மிகுந்த சமூகப்படங்கள் கைப்பற்றியிருந்தன. கிருஷ்ணனோ தொடக்கம் முதலே பேச்சையும் சமூகச் செய்தியையும் நம்பியவர். மாறிய காலம் அவருடைய பக்கம் வந்து சேர்ந்தது எனலாம்.

1947 இல் சென்னையில் நடந்த விழாவில் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்ற பட்டத்தை வழங்கினார்.

1949 இல் வெளிவந்த நல்லதம்பி அவருடைய படங்களுள் முதன்மையானது. அண்ணாதுரை கதை வசனம் எழுதிய தொடக்கப் படங்களுள் ஒன்று. பிராங்க் காப்ரா இயக்கிய ஓர் அமெரிக்கப் படத்தைத் தழுவியது. எதிர்பாராமல் பெருஞ்செல்வம் பெற்ற எளிய மனிதன் ஒருவன் அதை மக்களுக்கே பயன்படுத்த முனைவது கதை. இப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம் தமிழ் நகைச்சுவையின் உச்சங்களுள் ஒன்றாகக் கருதத்தக்கது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உடுமலை நாராயணகவி அதை எழுதினார். தில்லைக்குப் போகத் துடித்த நந்தனுக்குப் பதிலாக, இங்கே நகரத்துக்குப் போய்ப் படிக்கத் துடிக்கும் கிந்தன் வருகிறான். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அச்சிறுவனுக்குக் கல்வி மறுக்கப்படுகிறது. அவன் இரயிலேறிச் சென்று படித்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்பி வருகிறான். பாகவதர்கள் காலட்சேபம் செய்யும் தோரணையைக் கிருஷ்ணன் நுட்பமாகப் பின்பற்றுவதால் முதலில் சிரிப்பு எழுகிறது. கதை வளர வளர, நந்தனுக்குக் கிடைத்த சோதியைவிடக் கிந்தனுக்குக் கிடைத்த கல்வி மேலானது என்ற கருத்து எவ்வித உரையுமின்றி நிலைபெறுகிறது. இதே படத்தில் அறிவியல் வளர்ந்தால் சமையலறை வேலைகளையெல்லாம் இயந்திரங்களே செய்யும் என்று கணவனும் மனைவியும் கற்பனை செய்யும் பாடலும் உண்டு.

1951 இல் மணமகள் படத்தை அவரே தயாரித்து இயக்கினார். மு. கருணாநிதி வசனம் எழுதிய இப்படத்தில் பத்மினி நாயகியாக நடித்தார். அடுத்த ஆண்டு அவர் இயக்கிய பணம், பராசக்திக்குப் பின் சிவாஜி கணேசன் நடித்த படமாகும். எம். எஸ். விஸ்வநாதன், டி. கே. ராமமூர்த்தி இருவரும் இணைந்த இசையமைப்பாளர்களாக அறிமுகமானது இப்படத்தில்தான். 1951 இல் அவர் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்தார்.

முதல் தேதி (1955) படத்தில் மாதச் சம்பளக்காரரின் முதல் நாள் மகிழ்ச்சியையும் இறுதி நாள் நிலையையும் அவர் பாடியிருந்தார். அப்பாடலை இலங்கை வானொலி பல ஆண்டுகள் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று தவறாமல் ஒலிபரப்பியது. படத்தைப் பார்க்காத தலைமுறையினரும் அதனால் அவர் குரலை அறிந்தனர். ராஜா ராணி (1956) படத்தில் பலவகைச் சிரிப்புகளைச் சிரித்துக் காட்டியபடி பாடினார். சக்கரவர்த்தித் திருமகள் (1957) படத்தில் எம். ஜி. இராமச்சந்திரனுடன் நிகழும் வினாவிடைப் பாட்டுப் போட்டியில், வினாத் தொடுக்கும் புலவராக வருகிறார்.

வில்லுப்பாட்டு

திரையில் எத்தனை உயரம் சென்றபோதும் கிருஷ்ணன் வில்லை விடவில்லை. கொடை விழாவின் இரவுகளில், குறிப்பிட்ட சாதியினரும் ஊரினரும் மட்டுமே கேட்டுவந்த கலையைச் சென்னையின் அரங்குகளுக்கும் பொதுக்கூட்ட மேடைகளுக்கும் அவர் கொண்டுவந்தார். தெய்வக் கதைகளுக்குப் பதிலாகக் காந்தியடிகளின் வரலாறும் சமூகச் செய்திகளும் இடம்பெற்றன. இரவு முழுவதும் நிகழும் பாட்டு ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கியது. இம்மாற்றத்தில் கலை இழந்ததும் உண்டு: சாமியாடலும் சடங்கும் நீங்கியபோது வில்லுப்பாட்டின் பழைய அச்சமூட்டும் ஆற்றல் குறைந்தது. எனினும் நாஞ்சில் நாட்டுக்கும் நெல்லைக்கும் அப்பால் அக்கலை அறிமுகமானதற்குக் கிருஷ்ணன் பெரிதும் காரணமாவார்.

நெல்லை மாவட்டத்தின் சத்திரம் புதுக்குளத்தைச் சேர்ந்த இளைஞரான சுப்பு ஆறுமுகத்தின் திறமையைக் கண்டு, அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தவரும் கிருஷ்ணனே. சுப்பு ஆறுமுகம் அவருக்காக வில்லிசைப் பாடல்களும் நகைச்சுவைப் பகுதிகளும் எழுதினார். பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வில்லிசையின் முதன்மைக் கலைஞராக விளங்கி, 2021 இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வாகி, 2022 இல் மறைந்தார்.

காந்தியடிகள் மறைந்த பின், நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் கிருஷ்ணன் தம் சொந்தச் செலவில் நினைவுத்தூண் ஒன்றை எழுப்பினார். காந்தியிடம் பற்றும், பெரியார், அண்ணா ஆகியோரின் சீர்திருத்தக் கருத்துகளில் ஈடுபாடும் அவரிடம் ஒருங்கே இருந்தன. கட்சி எல்லைகள் கூர்மையடைந்த அக்காலத்தில் இது எளிதன்று.

இறுதிக்காலம்

ஈட்டிய பொருளைக் கிருஷ்ணன் சேர்த்து வைக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். இது பற்றிய செய்திகள் பல வாய்வழியாகப் பெருகியுள்ளன. அவற்றுள் எத்தனை நிகழ்ந்தவை, எத்தனை அன்பினால் சேர்க்கப்பட்டவை என்று பிரிப்பது கடினம். வழக்குச் செலவும், படத்தயாரிப்பும், கட்டுக்கடங்காத கொடையும் சேர்ந்து இறுதி ஆண்டுகளில் அவரைப் பணமுடைக்கு உள்ளாக்கின.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவாகியது. சென்னையில் புகழ்பெற்ற நாகர்கோவில்காரரின் ஊர் அப்போதுதான் சென்னையின் ஆட்சிக்குள் வந்தது.

1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் போட்டியிட்ட அண்ணாதுரைக்காகக் கிருஷ்ணன் பரப்புரை செய்தார். எதிர்த்து நின்றவர் ஊர் மக்களுக்கு நன்கு அறிமுகமான மருத்துவர். அவருடைய மருத்துவத் திறமையையும் நற்குணத்தையும் கிருஷ்ணன் மேடையில் நெடுநேரம் புகழ்ந்ததாகவும், கூட்டத்தினர் குழம்பி நின்றபோது, இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோயுற்றோரை யார் கவனிப்பது என்று கேட்டு முடித்ததாகவும் சொல்லப்படுகிறது. அண்ணாதுரை வென்றார்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 30 அன்று கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. அவர் நடித்திருந்த அம்பிகாபதி, சிவாஜி கணேசன் நாயகனாக நடிக்க, அவர் மறைவுக்குப் பின் அக்டோபரில் வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே கதை அதே பெயரில் படமானபோதும் நகைச்சுவைப் பகுதியில் கிருஷ்ணனும் மதுரமும் நடித்திருந்தனர்.

நினைவுகள்

சென்னை தியாகராய நகரில் அமைந்த கிருஷ்ணனின் சிலையை 1969 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அப்போதைய முதலமைச்சர் அண்ணாதுரை திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அண்ணாதுரை கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அது. மூன்று வாரங்களுக்குள் அவர் மறைந்தார். நாகர்கோவிலில் மணிமேடைச் சந்திப்பில் கிருஷ்ணனுக்குச் சிலை உள்ளது.

சென்னை வாலாஜா சாலையில் இருந்த பாலர் அரங்கம் 1974 இல் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்றது. டி. ஏ. மதுரம் காலமானதும் அவ்வாண்டில்தான். பழைய அரங்கம் பின்னர் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய கட்டடம் 2016 இல் திறக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றின்போது, உறுப்பினர்கள் இடைவெளி விட்டு அமர்வதற்காக, 2020 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கோட்டையை விட்டு இவ்வரங்கத்தில் கூடியது. 2021 இலும் கூட்டத்தொடர்கள் இங்கு நடைபெற்றன.